மகாராணியார் வீட்டு நத்தார்

பண்டிகை என்பது ஊருக்கு உரியதா, வீட்டுக்கு உரியதா? இவ்வினாவுக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை கூறிவந்துள்ளது. கோயில் வீதியிலும் சந்தையிலும் ஊர் கூடிக் கொண்டாடிய விழாக்கள் சில, காலப்போக்கில் வாயிற்படியைக் கடந்து வீட்டினுள்ளே புகுந்தன. அவ்வாறு புகுந்த விழாக்களுள் ஆங்கில நாட்டு நத்தார்ப் பண்டிகையும் ஒன்று. அது வீட்டுக்குள் வந்த பின்னர், சிறு பிள்ளைகளையுடைய தாய் தந்தையருக்கு ஒரு புதிய மகிழ்ச்சியும் ஒரு புதிய சோதனையும் ஒருங்கே தோன்றின. பிள்ளைகளை மகிழ்விப்பதிலேயே பொழுது கழிய, கணவனும் மனைவியும் ஒருவரோடொருவர் மனம்விட்டுப் பேச நேரம் எங்கே என்பதே அச்சோதனை. இதனை நன்கு விளக்குவது ஓர் அரச குடும்பத்தின் வரலாறு.

ஆதியில் ஆங்கிலேயரின் நத்தார், பெரியோரின் விருந்தும் களியாட்டமுமாகவே இருந்தது. அதனை வெறுத்த தூய்மைவாதிகள், தாம் பாராளுமன்றத்தில் ஓங்கியிருந்த காலத்தில், 1647ஆம் ஆண்டு அப்பண்டிகையையே சட்டத்தினால் விலக்கினர். 1660ஆம் ஆண்டில் முடியாட்சி மீண்டபோது பண்டிகையும் மீண்டது. எனினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் பழைய பொலிவு குன்றியிருந்தது. இயந்திரத் தொழிற்சாலைகள் பெருகின. ஓய்வு நாட்கள் அருகின. இங்கிலாந்து வங்கி 1830ஆம் ஆண்டுக்கு முன்னர் ஆண்டுதோறும் முப்பதுக்கு மேற்பட்ட நாட்கள் மூடப்பட்டு வந்தது. 1834ஆம் ஆண்டில் அவ்விடுமுறைகள் நான்காகச் சுருங்கின. அந்நான்கினுள் நத்தார்த் தினம் ஒன்று. 1833ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும், ஆலைகளிலே வேலைசெய்த சிறுவர்க்கு நத்தார்த் தினத்தையும் பெரிய வெள்ளிக்கிழமையையும் முழு விடுமுறையாக விதித்தது. குடும்பம் ஒன்றுகூடுவதற்கு அன்பு மாத்திரம் போதாது. வேலையினின்று விடுபட்ட ஒரு நாளும் வேண்டும். இவ்வுண்மையை மறந்து பண்டிகையின் வரலாற்றைப் பேசுதல் பொருந்தாது.

இத்தகைய காலத்திலே, 1840ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 10ஆந் திகதி, விக்டோரியா மகாராணியார் தம் மைத்துனராகிய அல்பேட் இளவரசரை மணந்தார். இருவரும் 1819ஆம் ஆண்டிற் பிறந்தவர்கள். இருவரும் செல்வத்திற் குறைவில்லாதவர்கள். ஆயினும் இருவருக்கும் முழுமையான குடும்ப வாழ்வு இளமையில் வாய்க்கவில்லை. விக்டோரியா எட்டு மாதக் குழந்தையாக இருக்கையிலே தந்தையார் காலமானார். அல்பேட் ஐந்து வயதுப் பாலகராக இருந்தபோது, அவருடைய தாய் தந்தையர் பிரிந்தனர். 1824ஆம் ஆண்டில் கோபேர்க் நகரை விட்டுச் சென்ற அன்னையை அப்பிள்ளை பின்னர் ஒருபோதும் காணவில்லை. 1831ஆம் ஆண்டில் அவ்வன்னை பாரிஸ் நகரிலே மரணமடைந்தார். தந்தையை அறியாத பெண்ணும், தாயை இழந்த ஆணும் கூடி அமைத்த இல்லறம் அது. தாம் பெறாத ஒன்றைத் தம் மக்களுக்குக் கொடுத்தல் வேண்டும் என்ற ஆவல் அவ்வில்லறத்தின் அடியில் இருந்தது.

நத்தார் மரத்தை ஆங்கில நாட்டிற்கு முதன்முதற் கொணர்ந்தவர் அல்பேட் இளவரசரே எனப் பலர் நம்புகின்றனர். அது முற்றிலும் சரியன்று. மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் மனைவியாரும் ஜேர்மானியப் பெண்மணியுமாகிய சார்லொற் அரசியார், 1800ஆம் ஆண்டு மார்கழியிலேயே வின்சரில் ஒரு மரத்தை அலங்கரித்துப் பிள்ளைகளுக்கு விருந்தளித்தார். விக்டோரியா தாமும் பதின்மூன்று வயதுச் சிறுமியாக இருந்தபோது, 1832ஆம் ஆண்டு நத்தாருக்கு முதல்நாள் மாலையில், விளக்கும் சர்க்கரைப் பண்டமும் தொங்கிய மரங்களைக் கண்டதாகத் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். ஆகவே மரம் புதிதன்று. அம்மரத்தின் அடியிலே தந்தையும் தாயும் மக்களும் சூழ்ந்து நின்ற காட்சியே புதிது.

ஜேர்மனியரின் வழக்கப்படி, நத்தாருக்கு முதல்நாள் மாலையிலே பரிசுகள் வழங்கப்பட்டன. அரசியாருக்கு ஒரு மரம், இளவரசருக்கு ஒரு மரம், பிள்ளைகளுக்கு வேறு மரம், அரசியாரின் அன்னைக்கு இன்னொரு மரம் என வின்சர் மாளிகையில் மரங்கள் வரிசையாக நின்றன. மேசைமேல் நின்ற மரத்திலே சிறு மெழுகுதிரிகள் எரியும். அதன் அடியிற் பரிசுகள் பரப்பப்பட்டிருக்கும். 1841ஆம் ஆண்டு நத்தாரின்போது மூத்த மகள் பதின்மூன்று மாதக் குழந்தை. மகன் பிறந்து ஏழு வாரமும் நிறையவில்லை. தம் பிள்ளைகள் இருவரும், காரணம் இன்னதென அறியாமலே, மரத்தின் ஒளியைக் கண்டு வியந்து மகிழ்ந்தனர் என இளவரசர் தம் தந்தையாருக்கு அன்போடு எழுதினார்.

அக்கடிதத்தை மாத்திரம் படிப்போர், அவ்வீட்டில் இன்பம் அன்றி வேறொன்றும் இல்லை என்றே எண்ணுவர். உண்மை வேறு. ஓராண்டுக்குள் இரண்டு பிள்ளைகளைப் பெறவேண்டியிருந்த அரசியார், இரண்டாம் பேற்றின் பின் உடல் தளர்ந்தும் மனம் சோர்ந்தும் இருந்தார். மூத்த பெண்குழந்தையோ நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு வந்தது. பண்டிகை முடிந்ததும், 1842ஆம் ஆண்டு தை மாதத்தில், பிள்ளைகளை மாளிகையில் விட்டுக் கணவனும் மனைவியும் கிளேர்மொன்ற் என்னும் இல்லத்திற் சில நாள் தனித்திருக்கச் சென்றனர். குழந்தையின் நோய் மிகுந்தது என்ற செய்தி அவர்களைத் திரும்ப அழைத்தது.

திரும்பி வந்தவர்கள் நேரே குழந்தையின் அறைக்கே சென்றனர். அங்கேதான் பெரும் பூசல் மூண்டது. பிள்ளை வளர்ப்பறையின் அதிகாரம், அரசியாரை இளமையிலிருந்து வளர்த்த லேசன் என்னும் சீமாட்டியிடம் இருந்தது. அச்சீமாட்டியாரின் பராமரிப்பும் அரண்மனை வைத்தியரின் சிகிச்சையும் குழந்தையைக் கெடுக்கின்றன என்பது இளவரசரின் முடிவு. தம்மை வளர்த்தெடுத்த செவிலித்தாயைக் குறைகூறுதல் அரசியாருக்குப் பொறுக்கவில்லை. வாய்ச்சொல் முற்றிய பின், இருவரும் ஒரே மாளிகையில் இருந்தும் ஒருவரோடொருவர் நேரிற் பேசாது, குடும்ப நண்பராகிய ஸ்ரொக்மார் பிரபுவின் மூலம் கடிதங்களால் வழக்காடினர். குழந்தைக்குத் தீங்கு நேருமாயின் அப்பழி அரசியாரையே சாரும் என்னும் கருத்துப்பட இளவரசர் எழுதிய கடுஞ்சொல்லும் அக்கடிதங்களுள் உண்டு. மரத்தின் ஒளி அணைந்து ஒரு மாதமும் ஆகாத காலத்தில் இவ்வாறு நடந்தது.

இப்பூசலை எவ்வாறு தீர்த்தனர் என்பதே கவனிக்கத்தக்கது. அரசியார் தமது சினத்தின் மிகுதியைத் தாமே ஒப்புக்கொண்டார். அவ்வாண்டிலேயே லிற்றில்ரன் சீமாட்டியார் பிள்ளை வளர்ப்பறைக்குத் தலைவியாக நியமிக்கப்பட்டார். லேசன் சீமாட்டியார் புரட்டாதி மாதத்தில் ஓய்வூதியத்துடன் ஜேர்மனிக்குத் திரும்பினார். பெண்குழந்தையும் தேறியது. அதன் பின்னரே, பிள்ளைகளைப் பற்றிய முடிவுகளைக் கணவனும் மனைவியும் கலந்து செய்யும் முறை அவ்வீட்டிற் காலூன்றியது.

அக்காலத்திலே தம்பதிகள் இருவரும் தமக்கென்று வைத்திருந்த பொழுதும் சிறிதன்று. இருவரும் அருகருகே மேசையிட்டு அரசாங்கக் கடிதங்களைப் பார்த்தனர். ஒரே பியானோவில் இருவராக வாசித்தனர். செப்புத் தகட்டிற் சித்திரம் பொறித்தனர். குளிர் மிகுந்து குளங்கள் உறைந்த நாட்களிலே இளவரசர் பனிக்கட்டியின்மேற் சறுக்கி விளையாட, அரசியார் கரையிலிருந்து மகிழ்ந்தார். 1841ஆம் ஆண்டு பெப்ரவரியில், அரண்மனைத் தோட்டத்துக் குளத்திலே பனிக்கட்டி உடைந்து இளவரசர் நீரில் வீழ்ந்தபோது, அவரைக் கைகொடுத்துத் தூக்கியவர் அரசியாரே. 1845ஆம் ஆண்டு நத்தாருக்கு, தோடம்பூ வடிவாய் அமைந்த அணிகலன்களை இளவரசர் மனைவிக்குப் பரிசளித்தார். அடுத்த பெப்ரவரியில், திருமண நாளன்று, அவற்றோடு இணையும் தலைமாலை ஒன்றையும் கொடுத்தார். அம்மாலையின் இலைகளிடையே நான்கு பச்சைத் தோடங்காய்கள் இருந்தன. அவை அவர்களுடைய நான்கு பிள்ளைகளைக் குறித்தன. கணவன் மனைவிக்கு அளித்த காதற் பரிசிலும் பிள்ளைகள் இடம்பெற்ற அழகு இது.

வீட்டினுள் நடந்ததை நாடு அறிந்தது ஒரு படத்தினால். 1848ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் இலண்டன் நகரத்துச் சித்திரப் பத்திரிகை ஒன்று, அரசியாரும் கணவரும் பிள்ளைகளும் நத்தார் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படத்தை வெளியிட்டது. இரண்டு ஆண்டுகளின் பின், அமெரிக்காவிலே பிலடெல்பியா நகரத்து மாதர் சஞ்சிகையொன்று அப்படத்தை மீண்டும் பதிப்பித்தது. ஆனால் அரசியாரின் தலையிலிருந்த முடியையும், இளவரசரின் மீசையையும் அரச பட்டியையும் நீக்கிவிட்டது. எஞ்சியது யார்? ஒரு தாய், ஒரு தந்தை, சில பிள்ளைகள். குடியரசு நாட்டிலே முடிக்கு இடமில்லை, குடும்பத்துக்கு இடமிருந்தது. இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, 1843ஆம் ஆண்டில், சாள்ஸ் டிக்கின்சின் நத்தார்க் கதை வெளிவந்து, ஏழை எழுதுவினைஞன் ஒருவனின் வீட்டு விருந்தை யாவர் மனத்திலும் பதித்திருந்தது. அவ்வாண்டிலேயே ஹென்றி கோல் என்பார் முதல் நத்தார் வாழ்த்து மடலையும் அச்சிடுவித்தார். அம்மடலின் விலை ஒரு சிலிங். சாதாரண தொழிலாளி எளிதில் வாங்கக்கூடிய விலையன்று.

அப்படத்திலே காணாதவையும் உண்டு. மரத்தைச் சுமந்து வந்தவர், மெழுகுதிரியை ஏற்றியவர், எரியும் மரத்தைக் காவல் காத்தவர், விருந்தைச் சமைத்தவர் ஆகியோரை அதிற் காண முடியாது. அவர்களுக்கும் மனைவி மக்கள் இருந்தனர். நத்தாருக்கு அடுத்த நாளும் இங்கிலாந்திற் சட்டப்படி விடுமுறையானது 1871ஆம் ஆண்டிலேதான். பிறர் உழைப்பின்மேல் நின்ற ஓய்வு அது என்பதை மறைத்தல் ஆகாது. மார்கழி மாலையிலே பிள்ளைகளோடு விளையாடிய தந்தை, மற்றை நாட்களிலே மூத்த மகனைக் கடுமையான பாட அட்டவணையாற் பிணித்தார் என்பதும் உண்மையே. பண்டிகையின் அன்பு ஆண்டு முழுவதும் நீடித்திருந்தால், அம்மகன் தந்தையை அத்துணை அஞ்சியிருக்க மாட்டான்.

1861ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், மகனின் நடத்தை பற்றிய செய்தியால் மனம் வருந்திய இளவரசர், உடல்நலம் குன்றியிருந்தபோதும் கேம்பிரிட்ஜ் நகருக்குச் சென்று அவனைக் கண்டு திரும்பினார். நோய் முற்றியது. நெருப்புக்காய்ச்சல் என்றனர் வைத்தியர். மார்கழி 14ஆந் திகதி, நத்தாருக்குப் பதினொரு நாட்கள் இருக்கையில், நாற்பத்திரண்டு வயதிலே அவர் வின்சர் மாளிகையில் உயிர்நீத்தார். 23ஆந் திகதி அடக்கம் நடந்தது. அரசியார் அதற்கு முன்னரே ஒஸ்போண் இல்லத்திற்கு அழைத்துச் செல்லப்பட்டிருந்தார். ஒன்பது பிள்ளைகளுள் மூத்த மகள் பேர்லினில், ஒரு மகன் கடற்படையில், நோயாளியான இன்னொரு மகன் தென் பிரான்சில். தாயைத் தாங்கி நின்றவள் பதினெட்டு வயது அலிஸ். கடைசிப் பெண்ணாகிய பியற்றிஸ் நான்கு வயதுக் குழந்தை. இருபத்தொரு நத்தார்களை ஒன்றாகக் கண்ட தம்பதிகளின் வாழ்வு அவ்வாறு முடிந்தது. அதன் பின் நாற்பது ஆண்டுகள், 1901ஆம் ஆண்டில் இறக்கும்வரை, அரசியார் கறுப்பு உடையே தரித்தார்.

முதல் நத்தார் மரத்தை ஏழு வாரக் குழந்தையாகக் கண்ட அம்மகனை இலங்கையரும் கண்டுள்ளனர். வேல்ஸ் இளவரசராக அவர் 1875ஆம் ஆண்டு மார்கழித் தொடக்கத்திற் கொழும்புக்கும் கண்டிக்கும் வந்தார். அவ்வாண்டு நத்தாரை அவர் கல்கத்தாவிலே கழித்தார். உடன் வர விரும்பிய மனைவியார் அலெக்சாந்திராவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அவர் ஐந்து பிள்ளைகளோடு தங்கினார். யானைகளும் வாண வேடிக்கைகளும் வரவேற்ற அப்பயணத்தில், தந்தையின் இடம் வெறுமையாயிருந்த ஒரு வீட்டு மரமும் இருந்தது என்பதை வரவேற்புக் கூட்டத்தில் எத்தனை பேர் நினைத்திருப்பர்?

நான்கு வயதிலே தந்தையை இழந்த பியற்றிஸ், தாயின் மறைவுக்குப் பின், அவருடைய நாட்குறிப்புகளைப் படியெடுக்கும் பணியை ஏற்றார். தகாதன எனத் தோன்றியவற்றை விலக்கி, 111 தொகுதிகளாக எழுதி, மூல ஏடுகளை எரித்துவிட்டார். ஆகவே வின்சர் மாளிகை நத்தார்களைப் பற்றி அரசியார் எழுதியனவாக இன்று எஞ்சியிருப்பவை, பெரும்பாலும் அக்கடைசி மகளின் கையால் வந்தவை. தந்தையோடு சில நத்தார்களே வாய்த்த ஒரு பிள்ளை, தாய் தந்தையர் கூடிக் களித்த மாலைகளை முதுமைவரை உட்கார்ந்து எழுதினாள்.

பண்டிகைக் காலத்திலே சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அமைதி இருப்பதில்லை. ஒரு குழந்தை அழும். மற்றொன்று காய்ச்சலிற் கிடக்கும். களைத்த தாயும் தந்தையும் சிறு சொல்லுக்கும் சினப்பர். அரண்மனையிலும் அவ்வாறே நடந்தது. அவ்வில்லறத்தைக் காத்தது மரமும் மெழுகுதிரியும் அல்ல. பூசலின் பின் கலந்து பேசியதும், பிள்ளைகள் உறங்கிய பின் ஒரே பியானோவின் முன் இருவர் அமர்ந்த சிறு பொழுதுகளுமே அதனைக் காத்தன. அத்தகைய பொழுதுக்கு மாளிகை வேண்டியதில்லை. விளக்கடியில் இருவர் அமர ஒரு வாங்கு இருந்தாற் போதும்.