சுக்கான் பிடிக்கிறவரின் நிதானம்

ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் பாய்த்தோணிகள் நின்ற காலத்துத் தண்டையல்களில் என் பெரியப்பாவும் ஒருவர். கள்ளுக் குடிப்பார். தோணி பழுதுபார்க்கக் கரையேறிக் கிடக்கும் நாட்களில் தவறணை வாங்கில் இருந்து, பிளாவில் மிதக்கும் தேனீயை ஊதி ஒதுக்கிவிட்டு, ஆறுதலாகக் குடிப்பதைக் கண்டிருக்கிறேன். பயணம் வைத்தால் முதல் நாளே நிறுத்திவிடுவார். ஊரில் வெறியில் விழுந்து கிடந்த ஒருவர் தோணி கேட்டு வந்தபோது, "கரையில நிதானம் இல்லாதவனிட்டச் சனத்தை ஏத்தி விடேலுமோ?" என்று தோணிக்காரரிடம் அவர் சொன்னதையும் கேட்டிருக்கிறேன்.

நானும் பிறகு வெளிநாட்டுக் கப்பல்களில் வேலை செய்தேன். பெரியப்பா கேட்ட அந்தக் கேள்வியைப் பெரிய நாடுகள் சட்டமாக எழுத ஒரு பேரழிவு வேண்டியிருந்தது.

1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் எண்ணெய்க் கப்பல் பாறையில் ஏறியது. ஏறத்தாழ 4 கோடி லீட்டர் எண்ணெய் கடலில் கலந்தது. கப்டன் ஜோசப் ஹேசல்வுட் அன்று கரையில் மது அருந்தியிருந்தார். குடித்துவிட்டுக் கார் ஓட்டியதற்காக அவருடைய கார் லைசன்ஸ் அப்போது பறிபோயிருந்தது என்பது பிறகு வெளிவந்தது. கார் ஓட்டக்கூடாத ஒருவர் அவ்வளவு பெரிய கப்பலை நடத்த எந்தச் சட்டமும் தடையாக இருக்கவில்லை. கப்பலில் போதையில் இருந்தார் என்ற குற்றச்சாட்டிலிருந்து ஜூரி அவரை விடுவித்தது என்பதையும் சொல்லவேண்டும். பாறையில் மோதிய நேரம் மேல்தளத்தில் நின்றவர் மூன்றாம் அதிகாரி. என்றாலும் 1990இல் வந்த அமெரிக்க எண்ணெய் மாசுச் சட்டம், கப்பல் அதிகாரிகளின் கார் ஓட்டும் பதிவையும் பார்க்கும்படி செய்தது.

அதே ஆண்டு விமானிகளின் முறை. மார்ச் 8 அன்று நோர்த்வெஸ்ட் நிறுவனத்தின் மூன்று விமானிகள், முதல் நாள் இரவு குடித்த போதை தெளியாமலே பார்கோவிலிருந்து மினியாபொலிசுக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றார்கள். விமானம் பத்திரமாக இறங்கியது. மூவரும் சிறைக்குப் போனார்கள். கப்டன் லைல் ப்ரவுசுக்கு 16 மாதம். அந்த ஆண்டின் கடைசியில் வந்த விதிப்படி, குடித்துவிட்டுக் கார் ஓட்டி உரிமம் இழந்த அமெரிக்க விமானி 60 நாட்களுக்குள் விமானத்துறைக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும். மூன்று ஆண்டுக்குள் இரண்டு தடவை என்றால் பறக்கும் உரிமமே போகலாம். மறைப்பது தனிக் குற்றம்.

ப்ரவுசின் கதையில் எனக்குப் பிடித்தது அதன் பிற்பகுதி. குடியை விட்டார், உரிமங்களை அடியிலிருந்து திரும்பப் பெற்றார், அதே நிறுவனத்தில் 747 கப்டனாக ஓய்வு பெற்றார். தண்டனையோடு மீளும் வழியும் இருந்ததால்தான் ஒரு நல்ல விமானி தப்பினார்.

நம் நாட்டுக்கும் இது அந்நியமில்லை. 2016 ஆகஸ்டில் பிராங்போர்ட்டில் ஸ்ரீலங்கன் விமானத்தின் கப்டன் மூச்சுப் பரிசோதனையில் அகப்பட, 259 பயணிகள் ஏறத்தாழ 15 மணி நேரம் காத்திருந்தார்கள். இந்தியாவில் பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரம் மது தொடக்கூடாது. முதல் தடவை அகப்பட்டால் 3 மாதத் தடை, இரண்டாம் தடவை 3 வருடம், மூன்றாவதில் உரிமம் ரத்து. கப்பல்காரருக்கும் 2012 முதல் உலகம் முழுவதற்கும் ஓர் அளவு உண்டு: இரத்தத்தில் 0.05 வீதம்.

நயினாதீவு அம்மன் திருவிழாவுக்குக் குறிகட்டுவானில் சனம் நெருக்கியடித்துப் படகேறுகிறது. நெடுந்தீவுக்கு நோயாளியும் பள்ளிப்பிள்ளையும் ஆசிரியரும் அதே கடலைத்தான் கடக்கிறார்கள். எங்கள் படகோட்டிகள் திறமைசாலிகள். வாடைக்காற்றில் அவர்கள் சுக்கான் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். அந்தத் திறமைக்கு மரியாதை செய்வதென்றால், விமானிக்குள்ள விதி அவர்களுக்கும் வேண்டும். படகுச் சங்கங்களும் பிரதேச செயலகங்களும் சேர்ந்து, முதல் படகு வெளிக்கிட முன்னர் ஒவ்வொரு இறங்குதுறையிலும் மூச்சுப் பரிசோதனையைத் தினமும் நடத்தவேண்டும். குடியை விட விரும்பும் ஓட்டிக்குச் சிகிச்சையும், திரும்பிவர ஒரு வழியும் அதே விதியில் எழுதப்படவேண்டும்.