வாடகைக்கு விடப் பழைய வீடு வாங்குகிறீர்களா? பழுதுச் செலவை முதலில் கணக்கிடுங்கள்

வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணத்தில் முகையூர், அரகண்டநல்லூர், விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஒரு பழைய வீட்டை வாங்கி, சரிசெய்து வாடகைக்கு விடலாம் என்று எண்ணும் சகோதரர்கள் பலர். வட்டிக்கடன் வேண்டாம் என்று கையிருப்பை மட்டும் நம்பி இறங்குபவருக்குப் பழுதுச் செலவு எதிர்பார்த்ததைத் தாண்டினால் வேலை பாதியில் நின்றுவிடும். வாடகையும் வராது, போட்ட பணமும் முடங்கும். எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும் என்கிறோம்.

இந்த மாவட்டத்தில் முதல் கேள்வி தண்ணீர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணை நீரும் சேர்ந்து தென்பெண்ணை பெருக்கெடுத்து, அரகண்டநல்லூர் உள்ளிட்ட கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. அப்போது வீட்டுக்குள் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்று விற்பவரிடம் கேட்பதைவிடப் பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரை நம்ப வேண்டாம். அடிச்சுவரில் உப்பு பூத்திருக்கிறதா, தட்டினால் பூச்சு பொள்ளலாக ஒலிக்கிறதா, சுவிட்ச் பெட்டி வரை நீர் ஏறியதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் வயரிங் முழுவதையும் மாற்றும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரம் காயாத சுவரில் அடிக்கும் பெயின்ட் உரிந்து விழும். அது வீண் செலவு.

அடுத்தது கூரை. ஓட்டு வீடானால் சட்டங்களில் கரையான் உண்டா என்று குத்திப் பார்க்க வேண்டும். கான்கிரீட் தளமானால் அடிப்பக்கத்தில் துருக்கறையோ, வெளியே தெரியும் கம்பியோ இருக்கிறதா என்று கவனியுங்கள். மேலே தட்டோடு மாற்றினால் ஒழுகல் நிற்கலாம். துருப்பிடித்த கம்பி அதனால் சரியாகாது. அங்கே மேஸ்திரியின் கண் மதிப்பு போதாது, பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். மொத்தக் கணக்கையும் புரட்டிப்போடுவது இந்த ஒன்றுதான்.

அளவெடுப்பதில் பலர் ஏமாறுகிறார்கள். 10 அடிக்கு 12 அடி அறை என்றால் தரை 120 சதுர அடி. ஆனால் பூச்சுக்கும் பெயின்டுக்கும் கணக்கு சுவர்தான்: சுற்றளவு 44 அடி, உயரம் 10 அடி, மொத்தம் 440 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 40 கழித்தாலும் 400 நிற்கும். ஆகவே "மொத்தமாக இவ்வளவு" என்ற வாய்மொழிப் பேச்சை ஏற்காதீர்கள். ஒவ்வொரு வேலைக்கும் அளவு, விலை, கூலி எழுதிய மதிப்பீட்டை இரண்டு பேரிடமாவது வாங்குங்கள். பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியல் ஒப்பிட உதவும். பழைய மதிப்பீடு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சிமெண்ட் மீதான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துள்ளது. சுவரை உடைத்த பிறகே தெரியும் பழுதுகளுக்காக மொத்தத்தில் 20 சதவீதம் ஒதுக்குவது நல்லது.

பிறகு வாடகையோடு பொருத்திப் பாருங்கள். மாதம் 6,000 ரூபாய் வாடகை என்றால் ஆண்டுக்கு 72,000. பழுதுக்கு 3 லட்சம் போனால் நான்கு ஆண்டு வாடகை அதற்கே சரியாகிவிடும். அந்தத் தொகையை வீட்டு விலையில் குறைத்துக் கேட்பதில் தவறே இல்லை.

குடி வந்த பிறகும் செலவு உண்டு. 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால், கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுதல், வயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. உரிமையாளர் செய்ய மறுத்தால் குடியிருப்பவரே செய்து வாடகையில் கழிக்கலாம்; ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்க முடியாது. அவசியமான பழுதைக் காட்டி வாடகையை உயர்த்தவும் வழியில்லை.

பள்ளிவாசல் கடைகளை நிர்வகிக்கும் முத்தவல்லிகளுக்கு ஒரு குறிப்பு. வக்ஃப் வாரியத்துக்குச் செலுத்தும் பங்குத்தொகைக்கு நிகர வருமானம் கணக்கிடும்போது, வாடகைக் கட்டடங்களின் சில்லறைப் பழுதுக்கு ஆண்டு வாடகையில் 5 சதவீதம் அல்லது உண்மைச் செலவு, இரண்டில் எது குறைவோ அதையே கழிக்க 1995ஆம் ஆண்டு வக்ஃப் சட்டத்தின் 72ஆம் பிரிவு இடம் தருகிறது. பில்களைப் பத்திரப்படுத்துங்கள், ஜமாஅத் கணக்கு கேட்கும்போதும் அவை தேவைப்படும்.