குறுக்குக் குச்சிகளும் காட்டெருமைகளும்

வேட்டைத் துப்பாக்கியின் குறி தவறுவதற்குக் காரணம் பெரும்பாலும் கண் அன்று, கையே. நிற்பவனுடைய மூச்சும் தசை நடுக்கமும் குழலை அசைத்துவிடும். நெஞ்சு நிலத்திற்படப் படுத்து, குழலுக்கு ஒரு தாங்கலும் கொடுத்தால் அவ்வசைவு அடங்கும். இந்தச் சிறு உபாயம் ஒரு பெரும் விலங்கினத்தின் அழிவுக்குத் துணைபோன வரலாறு உண்டு.

1870களில் அமெரிக்கப் பெருஞ்சமவெளியில், பைசன் எனும் காட்டெருமைகளைத் தோலுக்காகக் கொன்ற வேட்டைக்காரர்கள், இரண்டு குச்சிகளைக் குறுக்காக வைத்து மேற்புறத்தில் வாரினால் கட்டினர். மோப்பம் படாதவாறு, காற்று எதிரே வீசும் பக்கமாகத் தவழ்ந்து சென்றனர். படுத்தோ உட்கார்ந்தோ, ஷார்ப்ஸ் துப்பாக்கியின் கனத்த குழலை அந்தக் கவையிற் சார்த்தினர். முதற்குண்டு, மந்தையை நடத்திச் செல்லும் பெண்ணெருமையின் நுரையீரலைத் துளைக்கும். அது ஓடாமல் தள்ளாடி விழும். மற்றவை திகைத்து அங்கேயே சுற்றி நிற்கும். விலக முனைவதை அடுத்த குண்டு வீழ்த்தும்.

1871ஆம் ஆண்டையொட்டி, அத்தோலை இயந்திரங்களுக்கு ஏற்ற வாராகப் பதனிடும் முறை பரவியது. இரயில் பாதையும் வந்துவிடவே கொலை பெருகிற்று. தென்மந்தை 1870களின் இறுதியிலும், வடமந்தை 1883ஐ ஒட்டியும் அழிந்தன. 1889இல் விலங்கியலறிஞர் வில்லியம் ஹார்னடே வெளியிட்ட கணக்கின்படி, வட அமெரிக்கா முழுவதிலும் எஞ்சியவை 1,091 மட்டுமே.

அவ்விலங்கையே உணவாகவும் உடையாகவும் கூடாரமாகவும் கொண்டு வாழ்ந்த பூர்வகுடி மக்கள், பசியால் வாடி, அரசாங்கம் ஒதுக்கிய நிலங்களுக்குள் அடங்க நேர்ந்தது. கையின் நடுக்கத்தை அடக்கக் குச்சிகள் போதும். ஆசையை அடக்க அறிவன்றோ வேண்டும்!