வாயை மூடித் தூங்க முடியுமா? சிபாப் கருவியின் கதை

மணமேல்குடியானாலும் சரி, மும்பையானாலும் சரி, ஒருவர் பலமாகக் குறட்டை விட்டால் "அசந்து தூங்குகிறார்" என்றுதான் சொல்வார்கள். ஆனால் 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி மும்பையில் காலமானபோது மருத்துவர்கள் சொன்ன காரணம் ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்ளும். மூச்சு நிற்கும். உடனே மூளை பதறி எழுப்பும். கடுமையான நோயாளிகளுக்கு இது ஒரே இரவில் நூற்றுக்கணக்கான தடவை நடக்கும்!

1970களில் இதற்கு நம்பகமான வைத்தியம் ஒன்றுதான்: கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைப்பது. அந்த ஆபரேஷனுக்குச் சம்மதிக்காத ஒருவர்தான் 1980 ஜூனில் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவனின் சோதனைக்கு ஒப்புக்கொண்டார். மூக்கில் ஒரு மாஸ்க், அதன் வழியே இடைவிடாத காற்று. அந்தக் காற்றழுத்தம் தொண்டையை மூடவிடாமல் பிடித்துக்கொண்டது. மனிதர் நிம்மதியாகத் தூங்கினார். ஐந்து நோயாளிகளிடம் கிடைத்த முடிவுகள் 1981-ல் 'லான்செட்' இதழில் வெளிவந்தன. இதுதான் சிபாப் சிகிச்சையின் தொடக்கம்.

இதில் ஒரு சிக்கல். காற்று மூக்கில் போகிறது. தூக்கத்தில் வாய் திறந்துகொண்டால்? காற்றெல்லாம் வாய் வழியே ஓடிவிடும். அழுத்தம் குறையும், வாய் வறளும், மூக்கும் அடைக்கும். மூக்கு அடைத்தால் வாய் இன்னும் திறக்கும். "என் மூக்குக்கு இது ஒத்துவராது" என்று பலர் கருவியை மூட்டை கட்டி வைப்பது இந்தக் கட்டத்தில்தான். ஆனால் குற்றம் மூக்கின் மேல் இல்லை. வாய்க்கசிவுதான் மூக்கடைப்பைக் கூட்டுகிறது என்றும், காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்தினால் அது குறைகிறது என்றும் 1996-ல் சல்லிவன் குழுவே கண்டறிந்தது.

மூக்கால் மூச்சு விடுவது தமிழருக்குப் புதிதல்ல. 16 மாத்திரை இழுத்து, 64 மாத்திரை நிறுத்தி, 32 மாத்திரையில் விடச் சொல்கிறது திருமந்திரம். ஆனால் அது விழித்திருப்பவர் செய்யும் பயிற்சி. தூங்குபவரின் வாய் யார் பேச்சையும் கேட்காது!

அதனால்தான் பகலிலேயே மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, டிவி பார்த்தபடி, வாயை மூடி மூச்சு விட்டுப் பழகச் சொல்கிறார்கள். மூக்கில் அலர்ஜியோ வளைந்த எலும்போ இருந்தால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும். ஈரப்பதக் கருவி, தாடைப் பட்டை ஆகியவையும் உதவும். எதுவும் சரிவராவிட்டால் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க் இருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் வாயில் டேப் ஒட்டிக்கொள்வது மட்டும் வேண்டாம்.

கழுத்தில் துளை போடாமல் தப்பிக்க வந்த கருவி இது. முதல் சில வாரத்துச் சிரமத்துக்காக அதைப் பரணில் ஏற்றிவிடக் கூடாது.