ஊவாத் தேயிலை: விலைப்போக்கின் வலிமையை அளத்தல்

ஒரு பொருளின் விலை ஒரே திசையில் எவ்வளவு உறுதியாக நகர்கிறது என்பதே விலைப்போக்கின் வலிமை. ஊவாவின் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களின் தேயிலைக்கு இதைக் கணிக்க ஆதாரம் கொழும்பு ஏலம். அதன் முதல் பொது விற்பனை 1883 ஜூலை 30 அன்று நடந்தது.

1953இல் மோரிஸ் கெண்டல் சிகாகோ கோதுமை விலைகளை வாரவாரியாக ஆராய்ந்தார். கடந்த வார ஏற்றம் அடுத்த வாரத்தைப் பற்றி அநேகமாக எதுவும் சொல்லவில்லை என்று கண்டார். ஆனாலும் போக்கை அளக்கும் முயற்சி நிற்கவில்லை: 1978இல் வெல்லஸ் வைல்டர் சராசரித் திசைக் குறியீட்டை உருவாக்கினார். அது 25ஐத் தாண்டினால் போக்கு வலுவானது என்பது வணிகர் வழக்கம். அதற்கு ஒவ்வொரு நாளின் உச்ச, தாழ்ந்த, முடிவு விலைகள் வேண்டும். தேயிலையில் ஒவ்வொரு தொகுதியையும் சுவைத்துப் பார்த்துத் தனித்தனியாக விலை கேட்கிறார்கள். முடிவு விலை என்று ஒன்று கிடையாது.

இங்கே பெரி காஃப்மனின் திறன் விகிதமே பொருந்தும். மூன்று வாரத்தில் விலை 10 ரூபாய் ஏறி, 5 இறங்கி, மறுபடி 15 ஏறினால் நிகர ஏற்றம் 20, மொத்த அசைவு 30, விகிதம் 0.67. ஒன்றை நெருங்கினால் போக்கு வலுவானது. பூச்சியத்தை நெருங்கினால் வெறும் அலைச்சல்.

ஆனால் ஊவாவில் இந்த எண்ணை அப்படியே நம்பக்கூடாது. ஜூலை முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று மலையைத் தாண்டி வறண்டு வீசும். கொழுந்தில் ஒரு தனி மணம் ஏறும். நல்ல பருவம் வாய்த்தால் வாங்குவோர் கூடுதல் விலை கொடுப்பார்கள். அது பருவத்தின் ஏற்றம், சந்தையின் போக்கு அல்ல. நாணய மதிப்பும் இப்படியே ஏமாற்றும்: 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனது. முந்தைய ஆண்டின் இரசாயன உரத் தடையால் விளைச்சலும் குறைந்திருந்தது. தேயிலையின் ரூபாய் விலை ஏறக்குறைய இரட்டித்தது. டொலரில் ஏற்றம் அவ்வளவு இல்லை.

இது தோட்டத்து மக்களின் வயிற்றைத் தொடும் கணக்கு. 2019 கூட்டு ஒப்பந்தம் 700 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தோடு 50 ரூபாய் விலைப்பங்குக் கொடுப்பனவைச் சேர்த்தது. சிறுதோட்டக்காரரின் பச்சைக் கொழுந்து விலையும் ஏலச் சராசரியை ஒட்டியே தீர்மானிக்கப்படுகிறது. ஆகவே டொலர் விலையையும் போன ஆண்டின் அதே பருவ விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காத எந்த அளவீடும் ஊவாவுக்குப் போதாது.