படம் அழிந்தது, சுவரொட்டி நின்றது

வரலாற்றுச் சான்று என்றதும் கல்வெட்டும் செப்பேடுமே நினைவுக்கு வரும். சுவரில் ஒட்டிக் கிழித்தெறியும் தாளும் சான்றாவதுண்டு.

டாட் பிரவுனிங் இயக்கத்தில் லான் சேனி நடித்து, 1927ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த மௌனத் திகிற்படம் 'லண்டன் ஆப்டர் மிட்நைட்'. எம்.ஜி.எம். நிறுவனத்தின் படக்காப்பறையில் 1965இல் மூண்ட தீயில், அறியப்பட்டிருந்த அதன் கடைசிப் படியும் கருகிற்று.

அக்காலச் சுவரொட்டிகள் கொட்டகைகளுக்கென அச்சிடப்பட்டவை. விற்பனைக்கு வந்தவை அல்ல. படம் மாறியதும் அவற்றின் மேலேயே புதியவை ஒட்டப்பட்டன. பல, போர்க்காலத்தில் பழந்தாளோடு போயின. தப்பியவை மிகச் சிலவே. இப்படத்தின் சுவரொட்டி ஒன்று 2014இல் டல்லஸ் நகர ஏலத்தில் 478,000 டாலருக்கு விலைபோயிற்று.

விலை கண்டு வியப்பார் பலர். எஞ்சிய சில நிழற்படங்களோடு, அழிந்த படத்திற்கு அத்தாளும் சாட்சியாக நிற்கிறதே, அதுவன்றோ அதன் பெருமை! பயன் தீர்ந்ததென நாம் எறியும் தாளில் நாளைய வரலாறு எதைத் தேடுமோ, யார் அறிவார்?