கப்பலேறி வந்த புயல்

துருக்கியில் புயலுக்கு 'ஃபுர்துனா' என்று பெயர். அதன் உகரங்களை உதடு குவிக்காமல், 'காடு' என்ற சொல்லின் கடைசி உகரம்போல உச்சரிக்க வேண்டும். கேட்பதற்கு அசல் துருக்கிச் சொல்தான். ஆனால் அதன் பிறந்த வீடு இத்தாலி.

ரோமானியர்களுக்கு ஃபோர்த்தூனா விதியின் தேவதை. சிற்பிகள் அவள் கையில் கப்பலின் சுக்கானைக் கொடுத்தார்கள். மனிதரின் போக்கைத் திருப்புபவள் அவளே என்பது நம்பிக்கை. இடைக்கால இத்தாலிய மாலுமிகள் அதே சொல்லால் கடல் கொடுக்கும் பலனைக் குறித்தார்கள். பலனில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. கடலோடிகளின் வாயிலோ கெட்டதே நிலைத்தது. ஃபோர்த்தூனா என்றால் புயல் என்றாயிற்று.

மத்திய ஆசியப் புல்வெளியிலிருந்து குதிரைகளில் வந்த துருக்கியர் இன்றைய துருக்கியில் உள்ள அனதோலியாவின் கரைகளை அடைந்தபோது, அங்கே கடல் தொழில் கிரேக்கர் கையிலும் இத்தாலியர் கையிலும் இருந்தது. இஸ்தான்புல்லில் இன்றும் நிற்கும் கலாட்டா கோபுரம் 1348இல் இத்தாலியின் ஜெனோவா நகரத்தார் கட்டியது. தொழிலைக் கற்றவர்கள் அதன் சொற்களையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். திசைகாட்டியான 'புசுலா', படகுத்துறையான 'இஸ்கெலே' இரண்டும் இத்தாலியம். தென்மேற்குக் காற்று 'லொடோஸ்', வடகிழக்குக் காற்று 'பொய்ராஸ்' இரண்டும் கிரேக்கம். இப்படிக் குடியேறிய கப்பல் சொற்களைத் திரட்டி மொழி ஆய்வாளர்களான கஹானே தம்பதியரும் ஆந்திரியாஸ் டீட்சேயும் 1958இல் ஒரு பெரிய நூலே வெளியிட்டார்கள்.

வந்த சொல்லைத் துருக்கிய மீனவர்கள் முழுக்கத் தமதாக்கிக்கொண்டது அவர்களின் புயல் நாட்காட்டியில் தெரிகிறது. ஆண்டுதோறும் ஏறக்குறைய எந்த நாட்களில் எந்தப் புயல் வரும் என்று சொல்லும் பட்டியல் அது. தகைவிலான் குருவி திரும்பும் வசந்தத்தில் வருவது குருவிப் புயல். கிடாக்களை மந்தையில் விடும் இலையுதிர்காலத்தில் கிடா சேர்க்கும் புயல். கடலின் சொல்லோடு மேய்ச்சல்காரனின் நாட்கணக்கும் கலந்துவிட்ட அழகான பெயர் இது.

இந்தச் சொல்லின் உறவினர்கள் ஊருக்கு ஊர் உண்டு. கிரேக்கத்தில் 'ஃபூர்தூனா', ருமேனியத்தில் 'ஃபுர்துன'. பல்கேரியாவில் அது கடலை விட்டு மலையேறிப் பனிப்புயலாகிவிட்டது.

துருக்கியில் காற்றைக் குறிக்கும் 'ரூஸ்கார்' என்ற சொல்லின் கதையும் கிட்டத்தட்ட இதுவே. பாரசீகத்தில் 'ரோஸ்கார்' என்றால் காலம், வாழ்வின் போக்கு. மேற்கே போனபோது அது காற்றானது. கிழக்கே இந்திக்கு வந்து பிழைப்பு, வேலை என்றானது. 1989இல் தொடங்கிய ஜவஹர் ரோஜ்கார் யோஜனா என்ற இந்திய வேலைவாய்ப்புத் திட்டத்தின் பெயரில் இருப்பது அந்தச் சொல்தான்.